சும்மா கிடந்த பொத்தான்

செப்டம்பர் 29, ஞாயிறு

என் நீல நிற பி.எம்.டபிள்யூவின் சாவியை இன்று என் கையாலேயே இன்னொருவரிடம் கொடுத்தேன். கொடுத்தவன் நான்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

வாங்கிக்கொண்டவர் என் சம்பந்தி, பொள்ளாச்சி சென்னியப்பன். தென்னை நார் ஏற்றுமதி செய்கிறவர். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். தினமும் ஓட்டுவதற்கு எந்த ஜெர்மன் வண்டி சிறந்தது என்று பேச்சு தொடங்கியது. நான் என் பி.எம்.டபிள்யூவைச் சொன்னேன். அவர் தன் சாம்பல் நிற ஆடியைச் சொன்னார். இரண்டுமே காலை அழுத்தினால் பறக்கிற ரகம். ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுகொண்டே இருந்தார், நாங்கள் இலையைப் பார்க்கவில்லை. கடைசியில் சம்பந்திதான் வழி சொன்னார்.

"ஒரு மாசம் மாத்திக்குவோமுங்க சம்பந்தி. நீங்க என்ற வண்டிய ஓட்டுங்க, உங்குளுது இங்க இருக்கட்டும். நடந்தது நடந்தபடி குறிச்சு வெப்போம். தீபாவளிக்கு முன்னால உக்காந்து பேசிக்கலாம்."

அதனால்தான் இந்த நாட்குறிப்பு. இல்லாவிட்டால் பம்ப்செட் கம்பெனி நடத்துகிற எனக்கு டைரி எழுத எங்கே நேரம்.

என் சாவி என் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. டிரைவர், மனைவி, மகள் யாராக இருந்தாலும் சரி, என் வண்டியை நான் மட்டும்தான் ஓட்டுவேன். அது கொள்கை. சம்பந்தியிடமும் கண்டிப்பாகச் சொன்னேன், டிரைவர் கையில் கொடுக்கக் கூடாது என்று. "டிரைவர் கைல குடுக்க மாட்டேனுங்க, சத்தியமா" என்றார்.

சரி, எழுதுவதென்று ஆனபின் உண்மையையும் எழுதிவிடுகிறேன். வண்டிக்காக மட்டும் நான் சம்மதிக்கவில்லை. மிருதுளா அந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரே பெண். அம்மாவிடம் தினமும் பேசுகிறாள். என்னிடம் ஞாயிற்றுக்கிழமை பேசினால், "நல்லா இருக்கேனுங்கப்பா" என்பதோடு சரி. மாப்பிள்ளை ஏற்றுமதி வேலையாக மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டில். பெரிய வீடு, பெரிய ஆட்கள். என் பெண்ணை ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்களோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவருடைய வண்டியில் ஒரு மாதம் உட்கார்ந்தால் அவர் வீட்டைப் பற்றித் தெரிந்துவிடும். இது என் அனுபவம்.

செப்டம்பர் 30

கணபதியில் இருக்கும் கம்பெனிக்கு ஆடியில் போனேன். முதல் அபிப்பிராயம்: அமைதி. கதவைச் சாத்தினால் கோயமுத்தூரே வெளியே நின்றுவிடுகிறது. பக்கத்தில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது, யாரோ பக்கத்து வீட்டில் அடிப்பது போலக் கேட்டது.

ஆனால் ஸ்டியரிங்கில் பேச்சு இல்லை. என் வண்டி, ரோட்டில் ஒரு கல் கிடந்தாலும் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். இது நல்ல மனிதர் போலச் சிரித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போகிறது. சம்பந்தி மாதிரியே இருக்கிறது.

அக்டோபர் 2

விடுமுறை. வண்டியைத் துடைத்தேன். அடுத்தவர் வண்டி என்பதால் இரண்டு தடவை.

அக்டோபர் 4

இன்று ஒரு கூத்து. வளர்மதியைக் காய்கறி வாங்கக் கூட்டிப் போனேன். என் மனைவிக்கு இந்த மாதிரி தாழ்ந்த வண்டிகள் எல்லாமே ஒன்றுதான், "கெணத்துல எறங்கற மாதிரி இருக்குதுங்க" என்பாள். ஆடியில் ஏறும்போதும் அதையே சொன்னாள். ஒப்பீட்டில் இந்த இடத்தில் இரண்டு வண்டிக்கும் சம மதிப்பெண். வேட்டியோடு இறங்குவதிலும் சமம், இரண்டிலும் மானம் காக்கத் தனித் திறமை வேண்டும்.

கதவோரத்தில் சீட்டுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. யார் ஓட்டுகிறாரோ அவருடைய உயரத்துக்கு ஒரு தடவை சீட்டையும் கண்ணாடிகளையும் வைத்துவிட்டால், பிறகு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாம் தானாக வந்து நிற்கும். ஒன்று சம்பந்தி அளவு. அவரும் என்னைப் போல வாட்டசாட்டம் என்பதால் அதையே வைத்துக்கொண்டிருந்தேன். இன்று கை தவறி இரண்டை அழுத்திவிட்டேன். சீட்டு என்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிற்று. மேலே வேறு ஏறியது. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே என் தொப்பை மாட்டிக்கொண்டது. வளர்மதி சிரித்துச் சிரித்துக் கத்தரிக்காய்ப் பையைக் கீழே போட்டாள்.

யாரோ குட்டையான ஆள் இந்த வண்டியை ஓட்டுகிறான். சம்பந்தி அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. மாப்பிள்ளை ஆறடி. அப்படியென்றால் டிரைவர். இவ்வளவு அருமையான வண்டியை டிரைவர் கையில் கொடுக்கிற மனிதரிடமா என் வண்டியைக் கொடுத்தேன்?

அக்டோபர் 6, ஞாயிறு

மிருதுளா பேசினாள். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள்.

"வண்டி எப்படீங்கப்பா இருக்குது?"

"பரவால்ல கண்ணு. கொஞ்சம் மந்தம்."

"மந்தமா? கியர் குச்சிய ஒருக்கா கீழ இழுத்து விட்டுப் பாருங்கப்பா, எஸ் போட்டுக்கும், வேகமா ஓட்டறதுக்கு. அப்புறம் சொல்லுங்க. மழைல இன்னும் ஓட்டலியா?"

"இல்ல."

"மழை வரட்டும். பயப்படாம மிதிங்க."

எனக்கே பயப்படாமல் மிதி என்கிறாள். மாமனார் வீட்டில் வாய் வளர்ந்திருக்கிறது. சந்தோஷம்தான். நான்தான் அவளுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தேன், ஓட்டுநர் பள்ளியின் சின்ன வண்டியில். பிறகு என் வண்டியை ஓட்டட்டுமா என்று கேட்டாள். பொறு கண்ணு, பார்க்கலாம் என்றேன். கேட்பதை அவளே நிறுத்திவிட்டாள். சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

அக்டோபர் 8

மழை. அவினாசி ரோட்டில் தண்ணீர். எல்லா வண்டிகளும் தவழ்ந்துகொண்டிருந்தன. ஊரைத் தாண்டியதும் மகள் சொன்னபடி எஸ் போட்டு மிதித்தேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதை ஒத்துக்கொண்டே எழுதுகிறேன்: மழையில் ஆடிக்கு நிகர் இல்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து ரோட்டைப் பிடிக்கிறது. என் வண்டி பின்சக்கரத்தால் தள்ளுகிற வண்டி. ஈர ரோட்டில் அதை ஓட்ட மரியாதையும் நிதானமும் வேண்டும், அந்த நிதானத்தில்தான் எனக்குப் பெருமை. இதற்கு அது எதுவும் தேவைப்படவில்லை. மற்றவர்களுக்குக் கை கால் உதறுகிற மழையில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். சம்பந்தியிடம் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

மாற்றிக்கொண்ட வண்டிக்கு யார் பூஜை போடுவது என்று காலையிலேயே ஒரு சிக்கல். சம்பந்திக்குப் போன் செய்தேன். "உங்கூட்டு வாசல்ல நிக்கறது உங்க வண்டிதானுங்க, நல்லபடியா பண்ணுங்க" என்றார். பேச்சில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஒரு பழமும் மிச்சமில்லாமல் ஏற்றினேன்.

அதற்கு முன் டிக்கியைச் சுத்தம் செய்தபோது, ஓரமாக ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. சின்ன அளவு. அடிப்பாகம் மெல்லியது, வலது காலில் குதிகால் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. ஆக்ஸிலரேட்டரில் குதிகாலை ஊன்றி ஓட்டுகிறவர்களுக்குத்தான் அப்படித் தேயும். எனக்கும் அப்படித்தான் தேயும்.

"இது யாருது?" என்று வளர்மதியிடம் கேட்டேன். "யாருதோ" என்று சொல்லி வாங்கி ஒரு பையில் போட்டு மறுபடி டிக்கியிலேயே வைத்தாள். ஷூவைப் பார்த்துவிட்டு அவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15

கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்தில் பம்ப் பார்க்கப் போனேன். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பங்கில் வேலை செய்யும் பெண் வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கண்ணாடியை இறக்கினேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"அக்கா வரலீங்களா?"

"எந்த அக்கா?"

"இந்த வண்டி அக்காங்க. மிருதுளாக்கா. ஃபேக்டரிக்குப் போறப்ப இங்கதான் போடுவாங்க. செம்மயா ஓட்டுவாங்க. இந்த மேட்டுல வண்டிய ரிவர்ஸ் எடுத்து நேரா பம்புகிட்ட நிறுத்துவாங்க பாருங்க, லாரிக்காரங்களே நின்னு பாப்பாங்க."

அவள் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க புது டிரைவருங்களா?"

"ஆமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 16

எழுதப் பிடிக்கவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது.

அக்டோபர் 18

காபி குடிக்கும்போது வளர்மதியிடம் நேரடியாகக் கேட்டேன். "மிருதுளா அந்த ஆடிய ஓட்டறது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. கல்யாணம் ஆன மூணாம் மாசமே சம்பந்தி சாவியக் குடுத்துட்டாரு. ஆழியாறு ரோட்டுல பக்கத்துல உக்காந்து அவரே பழக்கி விட்டாரு. இப்ப கிணத்துக்கடவு ஃபேக்டரிய முழுசா பாத்துக்கறதே அவதான். தினமும் அதுலதான் போறா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? சம்பந்திக்குப் போனப் போட்டு, சின்னப்புள்ள கைல இவ்வளவு பெரிய வண்டியக் குடுக்கறீங்களேன்னு கேப்பீங்க. பொண்ணப் பெத்தவரு சொல்லிட்டாருன்னு அவரும் மரியாதைக்கு நிறுத்திப் போடுவாரு. புள்ள மறுபடியும் பின் சீட்டுல உக்காந்துக்குவா."

அவள் சொன்னது அப்படியே நடக்கும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சென்னியப்பன் என்கிற மனிதர் மறுபேச்சு பேசாமல் சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துவிடுவார். அந்த வார்த்தை இரண்டு நாளாக என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது. இத்தனை குதிரைசக்தி, மலை ரோடு, லாரிகள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் மட்டும்தானா என்றால், இல்லை. பொறாமையாகவும் இருக்கிறது. என் பெண்ணுக்கு நான் கொடுக்காததை இன்னொருவர் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 19

போனை எடுத்தேன். சம்பந்தியின் பெயரைத் தேடினேன். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 22

காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் ஷெட்டில் உட்கார்ந்து வேண்டுமென்றே இரண்டாம் பொத்தானை அழுத்தினேன். இந்த முறை தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சீட்டு நின்றதும், கால் மடங்கி, முட்டி இடிக்க, அப்படியே இருந்தேன்.

குறை சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்தேன். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் எப்படி வைக்க வேண்டுமோ அப்படி. வண்டியின் உடம்பு ஒரு விரற்கடை மட்டும் தெரிகிறது, மீதி எல்லாம் ரோடு. அந்த உயரத்தில் பானெட்டின் நுனி வரை தெரியும். கை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் உட்காரும். இப்படித்தான் வைக்க வேண்டும் என்று நான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். யாரும் காது கொடுத்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

மூலையில் உட்கார வைத்திருக்கிறார்களோ என்று நான் பயந்த பெண் உட்காருகிற இடம் இது. அந்த வீட்டிலேயே நல்ல இடம்.

அக்டோபர் 25

ஆடியைப் பற்றி நாளை மறுநாள் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக: மழைக்கு முதல் மதிப்பெண். நெடுந்தூரத்துக்கு முதல் மதிப்பெண். வேகத்தடைகள் நம் ஊர்க்காரர்கள் கட்டியவை, அதில் எந்த வண்டியையும் குறை சொல்லக் கூடாது. டிக்கியில் அரிசி மூட்டையும் இளநீர்க் குலையும் சேர்ந்து போகும். முடுக்கினால் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வருகிறது, அதைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை வழி மாறிச் சுற்றிப் போனேன். தினமும் ஓட்டுகிறவரைக் களைப்பாக்காத வண்டி. நல்ல வண்டி. நல்லவருடைய வண்டி.

அந்த வார்த்தையைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பொள்ளாச்சிக்குத் தீபாவளிச் சீரோடு போனோம். மதியம் விருந்து. நானும் சம்பந்தியும் பக்கத்துப் பக்கத்து இலையில். மிருதுளா பரிமாறினாள். நான் ஆடியைப் பற்றி எழுதி வைத்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அவர் முறை.

"உங்க வண்டிங்களா, அருமைங்க. அந்த... திரும்பறது இருக்குதுங்கல்ல, அது வந்து..." குழம்பைப் பிசைந்தார். "வளைவுல பிரேக் பிடிச்சா ரொம்ப நல்லா..."

"வளைவுல இல்லீங்க மாமா" என்றாள் மிருதுளா. கையில் ரசக் கிண்ணம். "வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுரோணும். வளைவுக்குள்ள போயி பிரேக்கத் தேடறது பரீட்சை ஹாலுல பாடம் படிக்கற மாதிரி. முன்னாடியே முடிச்சுட்டா அந்த வண்டி மனசுல நெனச்ச எடத்துக்குத் தானாத் திரும்புது. நம்முளுது மாதிரி இல்லாம, ரோட்டுல இருக்கறதையெல்லாம் கையில சொல்லிட்டே..."

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. நிறுத்திவிட்டாள்.

பரீட்சை ஹாலில் பாடம் படிப்பது என்பது என் வாக்கியம். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள், நான் பாட்டுக்கு முன்னால் பேசிக்கொண்டே ஓட்டுவேன்.

சம்பந்தி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தேன், முடியல. உங்க வண்டிய நான் ஓட்டவே இல்லீங்க, புள்ளதான் ஓட்டுச்சு. 'அப்பா வண்டிய ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும் மாமா'ன்னு ரொம்ப நாளா ஆசைப்பட்டுது. உங்ககிட்ட நேரா கேக்க எனக்கு வாய் வல்ல. அதுக்குத்தானுங்க இந்த மாத்திக்கற பேச்சே எடுத்தேன். உங்களுக்கு மனசில்லீன்னா சொல்லிப்போடுங்க. எங்க வண்டியவும் சேத்து இன்னிக்கே நிறுத்திரலாம்."

வளர்மதி என்னைப் பார்த்தாள். சம்பந்தி அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். மிருதுளா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொறு என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் இப்படித்தான் கீழே பார்த்திருக்க வேண்டும். நான்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரசம் ஊத்து கண்ணு" என்றேன்.

ஊற்றினாள்.

"கியரப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். பாயசம் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வண்டியைப் பற்றி எனக்கே தெரியாத இரண்டு விஷயம் அதில் இருந்தது.

கிளம்பும்போது தீபாவளிக்கு அவளையும் கூட்டிக்கொண்டோம். சம்பந்தி சாவியை என் கையில் கொடுத்தார். "ஒண்ணு உங்க அளவுங்க, அதத் தொடல. ரெண்டு சும்மா கெடந்துச்சு."

என் வண்டி நான் விட்டதைவிடப் பளபளப்பாக இருந்தது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் இரண்டாம் பொத்தானை நான் தொட்டதே இல்லை. அழுத்தினேன். சீட்டு முன்னால் நகர்ந்தது, மேலே ஏறியது, கண்ணாடிகள் இரண்டும் மெல்லக் குனிந்து நின்றன. தொப்பை மாட்டுவதற்குள் இறங்கிவிட்டேன். சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தேன்.

"வா கண்ணு. ஊடு வரைக்கும் நீ ஓட்டு."

ஆடியின் டிக்கியிலிருந்து அந்த வெள்ளை ஷூவை எடுத்து வந்து போட்டுக்கொண்டாள்.

என் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து நான் போனதே இல்லை. இது இவ்வளவு அழகாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. கோவில்பாளையம் தாண்டி ஒரு லாரியை முந்தினாள். என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. தேவைப்படவில்லை. அவள் பார்த்து, காத்திருந்து, இடம் கிடைத்ததும் ஒரே வீச்சில் போய்விட்டாள்.

"ஏங்கண்ணு, எங்கிட்ட மறுக்கா ஏன் கேக்கல?"

"கேட்டனுங்கப்பா. பொறுன்னீங்க. பொறுத்துட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின் சீட்டில் வளர்மதி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அக்டோபர் 31, தீபாவளி

விடிகாலையில் தலை நிறைய எண்ணெயோடு குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே என் வண்டி கிளம்பும் சத்தம். எழுந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய சட்டையின் பை காலியாக இருந்தது.

"பூ வாங்க மறந்துட்டேன், அவதான் போறா" என்றாள் வளர்மதி. "உங்களக் கேக்கச் சொன்னேன். அப்பா குளிக்கறாங்க, பரவால்லன்னுட்டா."

மறுபடி போய் உட்கார்ந்தேன். வண்டி தெருமுனைக்குப் போனது. வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைந்தது, பிறகு பிடித்தது. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு கியராக ஏறுவது கேட்டது. மேம்பாலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. அவள் ஓட்டுவதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.